மூடாத சாலையை மூடியதாகச் சொல்லாதீர்கள்

வரைபடச் செயலிகளை நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நான் நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி பக்கம் வாடகைக் கார் ஓட்டுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மெயின் ரோடு மூடப்பட்டிருப்பதாக ஒரு செயலி காட்டியது. மண் சரியவில்லை, மரம் விழவில்லை, அரசுப் பேருந்து வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. யாரோ பொய்யாகப் பதிந்திருக்கிறார்கள். யாரும் சரிபார்க்காமலே அது எல்லோருடைய கைபேசிக்கும் போய்விட்டது.

வெளியூர் வண்டிகள் அத்தனையும் எங்கள் ஹட்டிக்கு, அதாவது எங்கள் மலைக் கிராமத்துக்கு, போகும் தேயிலைத் தோட்டப் பாதையில் திரும்பின. எதிரே ஒரு கார் வந்தால் ஒருவர் ரிவர்ஸ் எடுத்தாக வேண்டிய பாதை அது. அன்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவரை டயாலிசிஸுக்காகக் கோவைக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. என் வண்டியால் அவர் வாசலை நெருங்கவே முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நான்கு பேராகத் தூக்கி, கார்களுக்கும் தேயிலைச் செடிகளுக்கும் நடுவே தூறலில் மெயின் ரோடு வரை கொண்டுவந்தோம். காருக்குள் இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்று அவர் வழியெல்லாம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டே வந்தார். அதை என்னால் மறக்க முடியவில்லை.

வந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். குடும்பத்தோடு மலையேறும் ஒருவர், முன்பின் தெரியாத ஊரில் திரை சொல்வதைத்தான் நம்புவார். முன்னால் நாலு கார் திரும்பினால், செயலியே பார்க்காதவரும் ஏதோ விஷயம் இருக்கிறது என்று பின்னாலேயே திரும்புகிறார். உள்ளூர் ஓட்டுநர் மட்டும் நேராகப் போகிறார். எல்லோரையும் திருப்பிவிட்ட பிறகு, அந்தச் சாலை திறந்திருக்கிறது என்று செயலிக்குக் காட்ட அங்கே ஓடும் வண்டிகளில் போதுமான கைபேசிகளும் இருப்பதில்லை. பொய் அப்படியே நிலைத்துவிடுகிறது.

இது உங்களுக்குப் புதிதும் அல்ல. 2014-இல் இஸ்ரேலின் டெக்னியான் தொழில்நுட்பக் கல்வி நிறுவன மாணவர்கள் இருவர், போலிப் பயனர்களை உருவாக்கி வேஸ் (Waze) என்ற வழிகாட்டும் செயலியில் இல்லாத நெரிசலைக் காட்டினார்கள். 2020-இல் பெர்லினில் ஒரு கலைஞர் 99 கைபேசிகளைத் தள்ளுவண்டியில் இழுத்துப்போய், காலித் தெருவை கூகுள் மேப்ஸில் சிவப்பாக்கிக் காட்டினார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் எங்கள் ஊரில் ஒரு பொய்ப் பதிவு இப்படி எடுபடுகிறதே, ஏன்?

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. இப்படி ஏமாந்தவர்கள் அடுத்த முறை எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு நேராகப் போவார்கள். எங்கள் ஸ்டாண்டில் இப்போதே அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியார் பக்கம் நிஜமாகவே மண் சரியும். அன்றைக்கு நீங்கள் உண்மையைச் சொன்னாலும் யார் கேட்பார்கள்?

ஆகவே நான் கேட்பது, சாலை மூடல் பற்றிய பதிவை மாவட்டக் காவல்துறையிடமோ நெடுஞ்சாலைத் துறையிடமோ உறுதிசெய்யாமல் வண்டிகளைத் திருப்பாதீர்கள். உறுதியாகும்வரை ‘ஒரு பயனர் சொல்கிறார், உறுதியாகவில்லை’ என்று ஓட்டுபவருக்குத் தெரியும்படி போடுங்கள்.

அப்புறம் கல்லட்டி விஷயம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்கும் பாதை. செயலி காட்டியது என்று நம்பிவந்து, அதில் இறங்கவிடாமல் தலைகுந்தாவில் தடுக்கும் காவலர்களோடு வாக்குவாதம் செய்யும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அந்த மலையில் பிரேக் சூடேறி உயிர் போனால் யார் பதில் சொல்வது? 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பாதியில் நின்ற ராம்கங்கா பாலத்திலிருந்து, செயலி காட்டிய வழியில் போனதாகச் சொல்லப்பட்ட ஒரு கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் எங்களைக் காத்திருக்கச் சொல்வது நியாயமா?

கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்: சரிபார்க்காத மூடலை வைத்து வண்டிகளைத் திருப்பாதீர்கள். தவறான பதிவை உள்ளூர்க் காவல்துறை உடனே நீக்கச் சொல்ல ஒரு தொலைபேசி எண்ணும், தமிழில் பேச ஒரு ஆளும் கொடுங்கள். கோடை சீசன் தொடங்குவதற்குள் இதைச் செய்து தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீலகிரி வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர்