க்ஷேம வரிகளை வெட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடும்பக் கடிதங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பரணில் கிடக்கும் கட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று கட்டுரையாளர் கேட்டுக்கொண்டிருப்பது நல்ல காரியம். ஆனால் அவற்றை அச்சிடும்போது, ‘இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்’ என்பன போன்ற வழக்கமான வரிகளை நீக்கிவிட்டுச் செய்தியை மட்டும் கொடுக்கலாம் என்ற அவருடைய யோசனையை என்னால் ஏற்க இயலவில்லை.

திருமங்கலத்தை அடுத்த எங்கள் ஊர் வீட்டில், என் பாட்டனாரின் தந்தைக்கு அவருடைய தம்பி தூத்துக்குடியிலிருந்து எழுதிய தபால் அட்டைகள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. தம்பி அங்கே ஒரு பஞ்சுக்கடையில் கணக்கு எழுதியவர். 1879 ஜூலையில் காலணா அட்டை வந்த பிறகுதான் அவர் அடிக்கடி எழுதத் தொடங்கியிருக்கிறார். அதற்கு முன் கடிதத்துக்கு அரையணாத் தபால்தலை ஒட்ட மனம் வரவில்லை போலும். ஒவ்வொரு அட்டையும் பிள்ளையார் சுழியில் தொடங்கி, ஊரிலுள்ளவர்களை வயது வரிசையில் பெயர் சொல்லி க்ஷேமம் விசாரிக்கும். பாதி அட்டை அதிலேயே போய்விடும். நானும் பல காலம் அந்தப் பகுதியைத் தாண்டித்தான் படித்துவந்தேன்.

சாவுச் செய்தி சொல்லும் கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துப்போடுவது நம் பக்கத்து வழக்கம். அதை வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே எங்கள் அட்டைக் கட்டில் ஒரு மரணச் செய்தியும் இல்லை. ஆனால் விசாரிப்பு வரிசையில் ஐந்தாவதாகத் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒரு பெண் குழந்தையின் பெயர், ஓர் ஆவணி மாதத்து அட்டைக்குப் பிறகு வரவே இல்லை. அக்குழந்தை இறந்ததற்கு எங்கள் குடும்பத்தில் இருக்கும் ஒரே சான்று அந்த இடைவெளிதான். கட்டுரையாளர் சொல்கிறபடி அச்சிட்டால் அதுவும் போய்விடும்.

நோயைப் பற்றி அக்காலத்தவர் எழுதிய முறையும் இத்தகையதே. ‘சின்னவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று’ என்று ஓர் அட்டையில் ஒரு வரி. என் பேத்தி அதைக் குளிப்பாட்டிய செய்தி என்றே நினைத்தாள். அம்மை இறங்கி, வேப்பிலை போட்ட தண்ணீரை ஊற்றி, பிள்ளை பிழைத்துவிட்டான் என்பதை அறிவிக்கும் வரி அது. அம்மனின் விளையாட்டை நோய் என்று எழுதுவது அபசாரம் என்று அவர்கள் கருதியதால் அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. அதே பையனுக்காக அழகர்கோயிலில் முடி இறக்குவதாக நேர்ந்து மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்திருக்கிறார்கள். அந்தக் கடனை இன்னும் தீர்க்கவில்லையே என்று தம்பி அடுத்து எழுதிய மூன்று அட்டைகளிலும், பஞ்சு விலைக்கும் பருத்திக்கொட்டை விலைக்கும் நடுவே, அண்ணனுக்கு மரியாதை குறையாமல் நினைவூட்டுகிறார். எது செய்தி, எது வழக்கமான வரி என்று இதில் எப்படிப் பிரிப்பது?

1834-இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனின் கடிதங்களும் ஏடுகளும் இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் அஞ்சி அவர்கள் 1845-இல் கோடைக்கானலில் வீடு கட்டிய கதையை நாம் அறிவதற்கு அத்தகைய ஏடுகளே காரணம். அதே வாந்திபேதிக்கு மலையேற வழியில்லாமல் கீழே இருந்தவர்கள் எழுதியவை பரணில் எலிக்கு இரையாகின்றன.

இன்னொன்று. அட்டையின் முகவரிப் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. உள்ளே ‘விக்கிரம வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1880-ஆகவும் இருக்கலாம், அறுபது ஆண்டு கழித்து 1940-ஆகவும் இருக்கலாம். விக்டோரியா ராணியின் தலையும் தபால் முத்திரையும்தான் ஐயத்தைத் தீர்க்கும். ஒட்டும் நாடா போட்டு ஒட்டுவதும் லாமினேஷன் செய்வதும் வேண்டவே வேண்டாம்; என் தகப்பனார் நல்லெண்ணத்தோடு நாடா ஒட்டிய இரண்டு அட்டைகளில் எழுத்து பழுப்புக்குள் மறைந்துவிட்டது.

கட்டுரையாளர் விரும்பினால் எங்கள் வீட்டுக்கு வரலாம். எல்லா அட்டைகளையும் இரு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளட்டும். அட்டைக் கட்டை மட்டும் வெளியே கொடுப்பதற்கில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
திருமங்கலம் வட்டம், மதுரை மாவட்டம்.