அந்த இடைவெளி உங்களுக்கல்ல

ஆசிரியர் அவர்கட்கு,

சென்ற ஞாயிறு இதழில் கொழும்பு வாகன நெரிசல் பற்றிய கட்டுரையில், கண்டெய்னர் சாரதிகள் சுற்றுவட்டத்தில் இரண்டு நிரலையும் அடைத்துக்கொண்டு 'அடாவடி' பண்ணுவதாகப் போகிறபோக்கில் ஒரு வரி. எழுதியவர் காரில் போகிறவர் போலும். நான் 26 வருடம் துறைமுகத்திலிருந்து பிரைம் மூவர், அதாவது கண்டெய்னர் ட்ரெயிலரை இழுக்கும் தலை வாகனம், ஓட்டியவன்.

முன் டயர் போன தடத்தில் ட்ரெயிலரின் பின் டயர் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். 40 அடிப் பெட்டியோடு இடப்பக்கம் வெளியேற வேண்டுமென்றால் தலையை முதலில் வலப்பக்கம் ஒதுக்கித்தான் திருப்ப வேண்டும். தங்களுக்குத் தெரியாததல்ல. இடது சிக்னல் போட்டிருப்பேன். இடப்பக்கம் ஒரு வாகன அகலத்துக்கு வெறுமையாகக் கிடக்கும். அது என் பின் டயருக்கு விட்ட இடம். மோட்டார் சைக்கிள் தம்பி தனக்குத்தான் விட்டிருக்கிறேன் என்று நுழைவார். கண்ணாடியில் ஹெல்மெட் தெரியும், பிறகு தெரியாது. அந்த இரண்டு வினாடிக்கு எந்தக் கடவுளைக் கூப்பிடுவது என்று கட்டுரையாளர் சொல்லட்டும்.

பெட்டிக்குச் சீல் வைத்திருப்பார்கள். உள்ளே சரக்கு எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது என்று சாரதிக்குத் தெரியாது. சுற்றுவட்டத்தில் இடம், வலம், மறுபடி இடம் என்று மூன்று தரம் உடம்பு ஆடும். கொஞ்சம் வேகம் கூடினாலும் சாய்ந்துவிடும். அதனால்தான் ஊர்கிறோம். அதற்கும் ஹோர்ன்.

வலப்பக்கத்திலிருந்து சுற்றில் வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பது எல் போர்ட் காலத்திலேயே படிப்பது. லிப்டன் சுற்றுவட்டத்தில் மாலை ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். மூக்கை முதலில் நீட்டியவருக்குத்தான் வழி.

ஒருமுறை மழைக்குள் ஒரு வேன் அப்படி நுழைந்து நடைபாதைக் கட்டுக்கும் என் ட்ரெயிலருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. நான் பிரேக் போட்டு நின்றதால் உள்ளே இருந்த பிள்ளைகள் தப்பினார்கள். வந்த பொலிஸ்காரர் வேனை அனுப்பிவிட்டு என் லைசன்ஸைக் கேட்டார். வாகனம் பெரிதென்றால் பிழையும் பெரிது. சிங்களத்தில் நிரப்பிய தண்டப்பத்திரத்தில் நான் செய்த குற்றம் என்னவென்று வீட்டுக்கு வந்து மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டேன். (வீதிப் பலகைகளில் தமிழ் படும் பாட்டைப் பற்றி ஏற்கெனவே இரண்டு கடிதம் போட்டேன். பிரசுரமாகவில்லை. பரவாயில்லை.)

2021இல் புதிய களனிப் பாலம் திறந்தபோது பக்கம் பக்கமாகப் படம் போட்டீர்கள். நல்ல பாலம்தான். பெட்டி இறக்க யார்டுக்கு வெளியே ராத்திரி முழுக்க வரிசையில், ஒரு கழிவறைகூட இல்லாமல் நின்ற எங்களை யாரும் படம் எடுக்க வரவில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள சுற்றுவட்டத்தில் இடப்பக்கம் வெளியேறும் வளைவிலேயே முச்சக்கரவண்டிகளை நிறுத்தி வைக்கிறார்கள். அவற்றை ஒரு ட்ரெயிலர் நீளம் தள்ளி நிறுத்தச் சொல்லி, சம்பந்தப்பட்டவர்கள் கண்ணில் படும்படி நாலு வரி போடுங்கள். 'அடாவடி'யை வாபஸ் வாங்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாரதி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.