ஏலகிரிப் பயணம்: எட்டாம் வகுப்புப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் வந்து நின்றார். "சார், எம் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எழுதித் தருவீங்களா? தந்தா இப்பவே கையெழுத்துப் போடுறேன்" என்றார். தர முடியாது என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. நின்ற நிலையில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மீதியை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இதுவரை நம் ஒப்புதல் படிவத்தின் அடியில் "எந்த அசம்பாவிதத்துக்கும் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரு வரி இருந்தது. இந்த ஆண்டு அதை அடித்துவிட்டேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவன் பொறுப்பில்லை என்றால் வேறு யார் பொறுப்பு?

இந்த மாதக் கடைசி வெள்ளி, சனி இரு நாள் பயணம். 64 பிள்ளைகள், பெண் ஆசிரியர் நால்வர் உட்பட ஒன்பது ஆசிரியர்கள். ஏன் ஜனவரி என்று சிலர் கேட்டீர்கள். மழை ஓய்ந்திருக்கும், புல் இன்னும் காயாமல் இருக்கும். முழு ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகு போகலாமே என்பது நல்ல யோசனைதான், ஆனால் அது காட்டுத்தீக் காலம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சரிவில் தீ கீழிருந்து மேலே ஓடும்போது மனிதக் கால் அதற்கு ஈடுகொடுக்காது. அதனால்தான் தேதியை முதலில் முடிவு செய்தோம், இடத்தை அதற்குப் பிறகுதான் தேடினோம்.

ஏலகிரியின் சுவாமிமலை உச்சிக்கு ஏறும் பாதையில் பத்து நாளுக்கு முன் நானும் பி.டி. சாரும் நடந்து பார்த்தோம். அவர் ஐம்பது நிமிடத்தில் ஏறிவிட்டார். என் முழங்காலுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் பிடித்தது. திட்டத்தில் என் கணக்கைத்தான் போட்டிருக்கிறோம். வகுப்பில் மிக மெதுவாக நடக்கும் பிள்ளையின் வேகம்தான் கூட்டத்தின் வேகம். வழியில் ஒரு பாறைக்கு அடியில் முறம் அகலத்துக்கு மலைத்தேனீக் கூடு ஒன்று கறுப்பாகத் தொங்கியது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தோம். 64 பிள்ளைகள் அப்படிக் கடப்பார்கள் என்று நம்ப நான் நேற்றுப் பிறந்தவனில்லை. வனத்துறை ஊழியரிடம் கேட்டு, அந்தப் பாறையைத் தொடாத சுற்றுப்பாதையை எடுத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு அன்று சென்ட் அடித்து அனுப்பாதீர்கள். வாசனை தேனீயைச் சீண்டும்.

உண்மையில் எனக்குப் பயம் மலையில் இல்லை, சாலையில்தான். முன்பெல்லாம் இரவு பதினொரு மணிக்குக் கிளம்பி விடியலில் போய்ச் சேருவோம். ஒரு நாள் வாடகை மிச்சம் என்று நாமே பெருமைப்பட்டுக்கொண்டோம். தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிறவரின் கையில் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு நாம் குறட்டை விட்டோம் என்பதுதான் அதன் பொருள். இனி விடிந்த பிறகுதான் பேருந்து கிளம்பும், இருட்டுவதற்குள் முகாமில் இருப்போம். ஏலகிரிச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். வரிசையாகச் சொல்பவருக்குப் பரிசு என்று தமிழம்மா அறிவித்திருக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பாரி எது, கபிலர் எது என்று தெரியுமா, பார்ப்போம்.

கயிற்று விளையாட்டு எங்கே என்று பிள்ளைகள் கேட்டுத் துளைக்கிறார்கள். முதலில் பார்த்த முகாமில் இருந்தது. இடுப்புப் பட்டையை மாட்டுகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் இன்னொருவரா என்று கேட்டேன். கயிறு வாங்கி எத்தனை வருடம் என்று கேட்டேன். "அதெல்லாம் பழகின பசங்க சார், இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல" என்றார்கள். கயிற்றுக்குக் குறிப்பேடு எதுவும் இல்லை. கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன், ஓரிடத்தில் மேலுறை நைந்து உள்ளே வெள்ளை இழை தெரிந்தது. இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து நாளைக்கும் ஆகாது என்று சொல்ல முடியாது. வேறு முகாமுக்கு மாறிவிட்டோம், அங்கே கயிறு இல்லை. பிள்ளைகளின் கோபத்தை நான் தாங்கிக்கொள்கிறேன்.

தண்ணீர் விளையாட்டும் இல்லை. புங்கனூர் ஏரியைக் கரையில் நின்று பார்ப்போம், படகில் ஏற மாட்டோம். அருவிக் குளியல் கிடையாது. 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள், பலருக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. 2014 ஜூன் 8 அன்று இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றுப் பாறைகள் மேல் நின்ற ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை, லார்ஜி அணையில் திறந்துவிட்ட தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. கணுக்கால் அளவுத் தண்ணீர் கழுத்தளவாக நெடுநேரம் தேவையில்லை. எங்கள் ஒன்பது பேரில் நீந்தத் தெரிந்தவர்கள் மூவர். அந்தக் கணக்கே போதும்.

இவ்வளவையும் கழித்துவிட்டு எதற்குப் போக வேண்டும் என்று கேட்பீர்கள். எனக்கு நீச்சல் பழக்கியது என் பெரியப்பா. முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை கிணற்றுமேட்டில் அவர் கையில். தண்ணீருக்குள் அண்ணன் முன்கூட்டியே இறங்கி நிற்பான். அதற்கப்புறம்தான் பிடித்துத் தள்ளுவார். தண்ணீர் குடித்தேன், அழுதேன், மூன்றாம் நாள் குடுக்கையை அவிழ்த்தார். கிணற்றையே காட்டாமல் என்னை வளர்த்திருந்தால் என்றாவது ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் நானே போய் விழுந்திருப்பேன். கரடுமுரடான பாதையில் காலைப் பார்த்து வைக்க, தாகம் எடுக்கும் முன் தண்ணீர் குடிக்க, பக்கத்தில் வருபவன் முகம் வெளுத்தால் நின்று கேட்க வகுப்பறையில் சொல்லிக்கொடுக்க என்னால் முடியவில்லை. முட்டி சிராய்க்கலாம், கொப்புளம் வரலாம். அவற்றை நான் தடுக்கப்போவதில்லை.

பிள்ளைகள் இருவர் இருவராக ஜோடி. ஒருவர் இல்லாமல் மற்றவர் கழிப்பறைக்குக்கூடப் போகக் கூடாது. ஒவ்வொருவர் கழுத்திலும் விசில். பாம்பு கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் செய்யாமல் கை காலை அசைக்காமல் திருப்பத்தூர் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போவது என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாயிற்று. அதற்கென்றே ஒரு கார் முகாமில் நிற்கும். இடி கேட்டால் நடையை நிறுத்திப் பாதுகாப்பான இடத்துக்குள் போய்விடுவோம்; கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் போன பின்தான் மறுபடி வெளியே வருவோம். புது ஷூ வாங்காதீர்கள். பழகிய பழைய ஷூதான் காலைக் கடிக்காது.

காலை பதினொரு மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்புவோம். உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் சரி. திரும்பச் சொல்லும் உரிமை எனக்கு மட்டுமில்லை, ஒன்பது ஆசிரியர்களில் யாருக்கும் உண்டு. ஒருவர் சொன்னால் மற்ற எட்டுப் பேரும் வாதாடக் கூடாது. இதில் உங்கள் உதவி வேண்டும். வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் "அவ்வளவு தூரம் போய் உச்சியைத் தொடாமலா வந்தே?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வி அடுத்த முறை அவனைத் திரும்ப விடாது.

கடைசியாகப் படிவத்தின் மூன்றாம் பகுதி, உடல்நலம். இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு பையனுக்குப் பாதி வழியில் வீசிங் வந்து உதடு நீலமாகிவிட்டது. இன்ஹேலர் கீழே பேருந்தில், பைக்குள் இருந்தது. பி.டி. சார் ஓடிப் போய் எடுத்து வந்த இருபது நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அவன் அப்பா அந்தப் பகுதியை வெறுமையாக விட்டிருந்தார். எழுதினால் கூட்டிப் போக மாட்டோமோ என்று பயந்தாராம். நாங்களும் துருவிக் கேட்காமல் விட்டோம், அது எங்கள் பிழை. வீசிங், வலிப்பு, சர்க்கரை, தேனீ கொட்டினால் ஒவ்வாமை, பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நாட்கள் என எதுவானாலும் எழுதுங்கள். பெண் பிள்ளைகளின் படிவங்களை வகுப்பாசிரியை மட்டுமே பார்ப்பார். இதற்காக மட்டும் யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம். இன்ஹேலர் இரண்டு தேவை, ஒன்று பிள்ளையின் சட்டைப்பையில், ஒன்று எங்களிடம்.

வரும் வெள்ளிக்கிழமைக்குள் படிவம் வந்துவிட வேண்டும். மூன்றாம் பகுதி வெறுமையாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். ஒன்றுமில்லை என்றால் "ஒன்றுமில்லை" என்று உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்