உன் சுண்டு விரல் பட்ட கீகேப்

அன்புள்ள மாப்ள,

நலமா? வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? திருப்பூரில் வெயில் கொளுத்துகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே குன்னூரில் பத்து நாளாக மழையும் மூடுபனியும்தான், துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. எனக்கு முட்டிவலி மட்டும் போக மாட்டேன் என்கிறது, மற்றபடி குறையில்லை.

ஒரு முக்கியமான சேதி. நீ எட்டு வருஷம் உட்கார்ந்து டைப் அடித்த ஜாப் டைப்பிங் கடையை அண்ணாச்சி போன மாதம் காலி செய்துவிட்டார். ஜெராக்ஸ் மெஷினையும் மேசையையும் யாரோ எடுத்துக்கொண்டார்கள், மிச்சத்தைக் காயலான் கடைக்குப் போடப்போகிறேன் என்றார். நான் ஓடிப்போய் உன் மேசையில் இருந்த டிவிஎஸ் கோல்டு கீபோர்டையும், பலகைக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்த உதிரிக் கீகேப்புகளையும், அதாவது கீயின் மேல் மாட்டும் எழுத்து மூடிகளையும், வாங்கி வந்துவிட்டேன். நான் இதையெல்லாம் சேர்ப்பது தெரிந்தவர்தானே, காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ராத்திரி ஒவ்வொரு கேப்பாகக் கம்பிக் கொக்கியால் கழற்றி வரிசையாக வைத்தேன். (ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பவே கூடாது மாப்ள, ஓரம் உடைந்துவிடும்.) எந்தக் கேப் எந்த ஜாதி என்று தெரிய மேலே பார்த்துப் பிரயோஜனமில்லை, கவிழ்த்துத்தான் பார்க்க வேண்டும். உன் கீபோர்டு கேப்பின் அடியில் ஒரு குழாய், அதன் நடுவில் கூட்டல் குறி போலத் துளை: அது கீக்கு அடியில் இருக்கும் செர்ரி எம்எக்ஸ் என்ற வகை ஸ்விட்சில் உட்காரும் கேப். டப்பாவில் இருந்ததில் பாதிக்குத் துளையே இல்லை, தட்டையாக நீள்சதுர நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அது ஜப்பானின் ஆல்ப்ஸ் கம்பெனி ஸ்விட்சுக்கான வகை, இதில் பொருந்தாது. அண்ணாச்சி முன்பு வைத்திருந்த பழைய கம்ப்யூட்டருடையதாக இருக்க வேண்டும். அந்த ஆல்ப்ஸ் கேப்புகள் டபுள் ஷாட், அதாவது எழுத்துக்கு ஒரு பிளாஸ்டிக், உடம்புக்கு ஒரு பிளாஸ்டிக் என்று இரண்டு தடவை அச்சில் ஊற்றியது. கவிழ்த்தால் எழுத்தின் நிறம் உள்ளேயும் தெரிகிறது. நூறு வருஷம் தட்டினாலும் அந்த எழுத்து அழியாது, ஏனென்றால் அது மேலே பூசிய மையே இல்லை.

அப்புறம் பிளாஸ்டிக் என்ன என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் இனிமேல் கரையாது என்கிற அளவுக்கு உப்பைப் போட்டுக் கலக்கு, அதன் அடர்த்தி 1.2 வரைக்கும் போகும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் 1.05 சொச்சம், அதனால் மிதக்கும். பிபிடி என்கிற இன்னொரு பிளாஸ்டிக் 1.3, மூழ்கிவிடும். நல்ல தண்ணீரில் இரண்டுமே மூழ்கும், உப்பு அவசியம். ஒன்றே ஒன்று, கேப்பின் திறந்த அடிப்பக்கம் கீழே பார்க்கப் போட்டால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு எதுவும் மிதக்கும். நானும் முதலில் ஏமாந்து ஒரு நல்ல பிபிடி கேப்பை ஏபிஎஸ் என்று தனியே எடுத்து வைத்துவிட்டேன். அடிப்பக்கம் மேலே பார்க்கப் போட்டு விரலால் ஆட்டி, குமிழியெல்லாம் போன பிறகு பார்க்க வேண்டும். உன் எஸ்கேப் கீ மிதந்தது, ஏபிஎஸ். அது வெளிச்சம் பட்டால் மஞ்சளாகும், விரல் பட்டால் வழுவழுக்கும். பிபிடி அவ்வளவு சீக்கிரம் மசியாது. 1985-இல் வந்த ஐபிஎம் மாடல் எம் கீபோர்டில் பிபிடிக்குள் சாயத்தை ஊறவைத்து எழுத்துப் போட்டார்கள், அதனால்தான் இன்றைக்கும் அதன் எழுத்துகள் கறுகறுவென்று இருக்கின்றன.

வயசு கண்டுபிடிப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. விண்டோஸ் கீ இருந்தால் 1994-க்கு முன்னால் போகவே முடியாது, ரூபாய்க் குறி அச்சிட்டிருந்தால் 2010-க்கு முன்னால் போக முடியாது. ஆனால் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது, அந்தக் கீ இல்லாமலும் பிற்பாடு செய்திருக்கிறார்கள். நம் ஊர் கீபோர்டுக்கு இன்னொரு சாட்சி உண்டு, வெளிநாட்டில் சேர்ப்பவர்களுக்குக் கிடைக்காதது, தமிழ் ஸ்டிக்கர். ஏ கீயில் 'அ' ஒட்டியிருந்தால் தமிழ் 99 என்கிற கீ அமைப்பு, ஸ்டிக்கர் 1999-க்குப் பிந்தியது. 'ய' இருந்தால் பழைய டைப்ரைட்டர் முறை. உன்னுடையதில் 'ய' இருந்தது. யளனகபக, யளனகபக என்று இன்ஸ்டிட்யூட்டில் அந்தக் கனத்த மெஷினை இரண்டு பேரும் அடித்தது ஞாபகம் இருக்கிறதா? லோயர் பரீட்சைக்கு முந்தின நாள் உனக்குக் காய்ச்சல், அப்படியும் வந்து எழுதினாயே.

எஃப் கீயின் 'க' ஸ்டிக்கர் எப்போதோ உதிர்ந்துவிட்டது. அது இருந்த இடத்தில் சின்னச் சதுரமாகப் பழைய வெள்ளை நிறம் அப்படியே, சுற்றி எல்லாம் வெளிர் மஞ்சள். நகத்தால் தடவிப் பார்த்தேன், அந்தச் சதுரத்துக்குள் மட்டும் புதுக் கேப்பின் சொரசொரப்பு இருக்கிறது.

அடுத்து செமிகோலன் கீ. இங்கிலீஷ் மட்டும் அடிக்கிறவன் கீபோர்டில் அது புதிதுபோல இருக்கும். உன்னுடையதில் ஸ்டிக்கர் தேய்ந்து, கீழே இருந்த அச்சும் தேய்ந்து, கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. டைப்ரைட்டர் முறையில் புள்ளி வைக்கிற இடம் அதுதானே. தமிழில் புள்ளி இல்லாமல் எந்த வரி போகும்? 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தமிழக அரசின் டேன்டீ தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களின் மனுக்கள், பென்ஷன் விண்ணப்பம், பட்டா பெயர் மாற்றம், சங்க நோட்டீஸ், எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்தது உன் வலது சுண்டு விரல். ஸ்பேஸ் பாரிலும் இடது பக்கம் மட்டும் முட்டை வடிவத்தில் ஒரு மினுமினுப்பு, நீ இடது கட்டைவிரலால் தட்டுவாய், எல்லோரும் வலது கை. வேறு யார் அடித்ததோ என்ற சந்தேகமே எனக்கு வரவில்லை.

ஹைட்ரஜன் பெராக்சைடில் போட்டு வெயிலில் வைத்தால் வெள்ளையாகிவிடுமாமே என்று முன்னே ஒரு தடவை கேட்டாய். ஆகும். போன வருஷம் வேறொரு செட்டை அப்படிச் செய்தேன், மேகம் வந்து வந்து போனதில் திட்டுத்திட்டாக வெளுத்து ஒரு நல்ல செட் வீணாகிவிட்டது, இன்னும் மனசு கேட்கவில்லை. இதைச் செய்ய மாட்டேன். மஞ்சளும் இருக்கட்டும், மினுமினுப்பும் இருக்கட்டும். சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, அடுப்படியில் சூடில்லாத இடத்தில் துணி விரித்துக் காயவைத்திருக்கிறேன். இந்த ஈரத்தில் நாலு நாள் ஆகும்.

ஒரு கேப் மட்டும் காணோம், நம்பர் பேடில் உள்ள மைனஸ். டப்பாவில் துழாவிவிட்டேன், இல்லை. கடையை விட்டுப் போகும்போது உன் பையில் ஏதாவது வந்திருக்கிறதா, பழைய பெட்டியில் ஒரு தடவை பார். இருந்தால் கொரியரில் அனுப்பாதே, தீபாவளிக்கு வரும்போது கையிலேயே கொண்டு வா. ஸ்விட்சுகள் எல்லாம் இன்னும் நன்றாக டிக் டிக்கென்கின்றன, வந்து நீயே ஒரு பக்கம் அடித்துப் பார்க்கலாம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
குன்னூர்க்காரன்