செந்திலுக்கு, கோஃபுல இருந்து

டேய் செந்தில்,

நல்லா இருக்கியா, அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? இங்க எல்லாரும் நலம். கவிதாவுக்கு வேலை கெடச்சிருச்சு, பையன் மூணாங்கிளாஸ் போறான். ஜோசப் அண்ணன் சைத்தாமால வீடு வாங்கிட்டாராம், உன்கிட்ட சொன்னாரான்னு தெரியல, சொல்லலைன்னா நான் சொன்னதா காட்டிக்காத, அப்புறம் அந்தப் பரோட்டா பஞ்சாயத்து மறுபடி கெளம்பிரும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். 2022 எம்பரர்ஸ் கப் ஃபுட்பால் ஃபைனல்ல, ஜப்பான் டீமெல்லாம் மோதுற நாக் அவுட் கப்ல, எங்க வான்ஃபோரே கோஃபு உங்க ஹிரோஷிமா டீம் சான்ஃப்ரெச்சேவ ஜெயிச்சுதுல்ல, அதப் பத்தி நேத்து போன்ல "2022 ஃபைனல் உங்களுக்கு அடிச்ச லாட்டரிடா, எங்காளுங்க அன்னிக்குத் தூங்கிட்டாங்க"ன்னு சொல்லிட்டு ட்ரெயின் வந்துருச்சுன்னு கட் பண்ணிட்ட பாரு, எனக்கு ராத்திரி பூரா அதேதான் மண்டைல ஓடுச்சு. போன்ல சொன்னா நீ குறுக்க குறுக்க பேசுவ. அதான் உக்காந்து எழுதறேன், முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டு.

மொதல்ல ஒண்ணு. 1965ல ஜப்பான் சாக்கர் லீக் ஆரம்பிச்சப்ப சாம்பியன் யாரு? உங்க ஆளுங்கதான், அப்ப தோயோ கோக்யோ, அதாவது மாஸ்டா கம்பெனி டீம். மொதல் நாலு வருஷமும் நீங்களேதான் ஜெயிச்சீங்க, அத நான் மறுக்கல. அதே 1965லதான் இங்க கோஃபுல பழைய ஹைஸ்கூல் பசங்க சேந்து கோஃபு கிளப்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. கோஃபு டாய்இச்சி ஸ்கூல்ல படிச்சவங்கதான் அதுக்கு ஆணிவேர். கம்பெனி கெடையாது, முதலாளி கெடையாது, பகல்ல வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் ப்ராக்டிஸ். அப்படியே ஆடி 1972ல ரெண்டாம் டிவிஷன் ஆரம்பிச்சப்ப அதுல எடம் புடிச்சிட்டாங்க. அந்தக் காலத்துல ஜப்பான்ல பெரிய டீம்னா ஃபுருகாவா, மிட்சுபிஷி, ஹிட்டாச்சி, யன்மார், எல்லாம் கம்பெனி பேருதான், அவங்களுக்கு நடுவுல ஒரு ஊர்ப் பேர வச்சிக்கிட்டு ஆடுனாங்கடா. எனக்கு அதுவே பெரிய விஷயம்.

1995ல வான்ஃபோரே கோஃபுன்னு பேரு மாத்துனாங்க, 1997ல கம்பெனியா பதிவு பண்ணாங்க, 1999ல ஜே2, அதாவது ப்ரோ லீக்கோட ரெண்டாம் டிவிஷன் ஆரம்பிச்சப்ப உள்ள போனாங்க. அங்கதான் புடிச்சது சனி. மொத வருஷம் பத்து டீம்ல பத்தாவது. அடுத்த வருஷம் பதினொண்ணுல பதினொண்ணாவது, அதுல தொடர்ந்து 19 மேட்ச் தோல்வி. பத்தொம்பது! வாரா வாரம் டிக்கெட் வாங்கிட்டுப் போய் தோத்ததப் பாத்துட்டு வந்தவங்கள நெனச்சுப் பாரு. அந்த வருஷம் மைதானத்துக்கு சராசரியா 2,000 பேர் கூட வரல. கடன் மட்டும் 45 கோடி யென் பக்கத்துல ஏறிப் போச்சு. பங்கு வச்சிருந்தது யமனாஷி மாகாண அரசு, கோஃபு நகராட்சி, நிராசாகி நகராட்சி, அப்புறம் யமனாஷி நிச்சினிச்சின்னு நம்மூரு பேப்பர் குரூப். இனிமே இதுல பணம் போடறது நியாயமா, இழுத்து மூடிரலாமான்னு பேச்சு வந்துருச்சு.

மூடறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு சான்ஸ் குடுத்தாங்க, 2001ம் வருஷத்துக்கு மூணு கண்டிஷன். கிளப் மெம்பர் 5,000 பேர் சேரணும், மேட்சுக்கு சராசரி 3,000 பேர் வரணும், விளம்பர வருமானம் 5 கோடி யென் வரணும். ஒண்ணு கொறஞ்சாலும் கிளப் இல்ல. இதுல ஒரு கண்டிஷன் கூட ஜெயிக்கிறதப் பத்தி இல்லடா, அத கவனிச்சியா? இந்த ஊருக்கு இந்த டீம் வேணுமா வேணாமா, அவ்ளோதான் கேட்டாங்க.

அப்ப தலைவரா வந்தவர் உமினோ கசுயுகி, அந்தப் பேப்பர் குரூப் ஆளு. மனுஷன் கடை கடையா ஏறி எறங்குனார். பெரிய ஸ்பான்சர் கெடைக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சதும் சின்னச் சின்னதா வாங்க ஆரம்பிச்சார். மைதானம் பூரா போர்டு, கைப்பிடிச் சுவர்ல போர்டு, எங்க எடம் இருந்துச்சோ அங்கெல்லாம் உள்ளூர்க் கடை பேரு. அடிபட்ட ஆள தூக்கிட்டுப் போற ஸ்ட்ரெச்சர் இருக்குல்ல, அதுல கூட விளம்பரம் போட்டு வித்தார்! நீ சிரிப்ப, ஆனா எனக்கு அத நெனச்சா கண்ணு கலங்குது, ஏன்னா யாராச்சும் அடிபட்டு விழுந்தாதான் அந்த விளம்பரம் வெளிய தெரியும், அதுக்கும் காசு குடுக்க இந்த ஊர்ல ஒருத்தர் இருந்திருக்காரு. பணமா குடுக்க முடியாதவங்ககிட்ட துணி வெளுத்துக் குடுங்க, சாப்பாட்டுச் சாமான் குடுங்கன்னு கேட்டு வாங்குனாங்க.

எங்க பக்கத்து வீட்டுத் தாத்தா, திராட்சைத் தோட்டம் வச்சிருக்காரே, நீ வந்தப்ப உனக்குக் கூட ஒரு பெட்டி குடுத்தனுப்புனாரு, அவர் போன வாரம் அலமாரியத் தொறந்து அந்த வருஷத்து மெம்பர் கார்டுகள எடுத்துக் காட்டுனாரு. ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டா வச்சிருக்காரு. ஓரம் மழுங்கி, நீலக்கலர் வெளுத்துப் போயிருக்கு. ஒண்ணு அவருக்கு, ஒண்ணு பாட்டிக்கு, ஒண்ணு மகனுக்கு, இன்னொண்ணு பேத்திக்கு, அது அப்ப தவழ்ற கொழந்தையாம். "தவழ்ற புள்ளைக்கு எதுக்குத் தாத்தா?"ன்னேன். "5,000 வேணும்னாங்க, ஆளு எண்ணிக்கைதான கேட்டாங்க, நடக்கணும்னா சொன்னாங்க?"ன்னாரு. அவருக்கு அதுக்கு முன்னாடி ஃபுட்பாலே புடிக்காதாம், பேஸ்பால் ஆளு. நம்ம ஊர்ல இருக்குற டீம மூடப் போறாங்கன்னு பேப்பர்ல படிச்சதும் மனசு கேக்கலையாம்.

மூணு கண்டிஷனும் நெறவேறுச்சு. சராசரி 3,000த்தத் தாண்டுச்சு, மெம்பரும் தாண்டுச்சு, காசும் தாண்டுச்சு. இப்ப நான் சொல்லப் போறத ரெண்டு தடவ படி. அந்த 2001லயும் வான்ஃபோரே கடைசி எடம்தான், பன்னெண்டுல பன்னெண்டாவது. வரிசையா மூணாவது வருஷம் கடைசி எடத்துல இருக்குற டீமப் பாக்கத்தான் அத்தன பேர் வந்தாங்க. லாட்டரிங்கற நீ! லாட்டரி அடிக்கிறதுக்கு 21 வருஷம் முன்னாடியே இந்த ஊரு டிக்கெட்டுக்குக் காசு கட்டிருச்சுடா.

அப்புறம் நடந்தது உனக்குக் கொஞ்சம் தெரியும். 2002ல ஓகி தகேஷி கோச்சா வந்தார், ஒரே வருஷத்துல ஏழாவது எடம். நடுவுல போயிட்டு 2005ல திரும்பி வந்தார், சின்னச் சின்ன பாஸா போட்டு மேல ஏறுற ஆட்டம், பாக்கவே அவ்ளோ அழகு. கடைசி நாள் செண்டாய முந்தி மூணாவது எடம் வந்து, மேல் டிவிஷன் ஜே1க்கு யார் போறதுன்னு கஷிவா ரெய்சோலோட ப்ளே ஆஃப். கஷிவா யாரு, ஹிட்டாச்சி டீம். மொத மேட்ச் கோஃபுல, 2-1னு நம்ம ஜெயிச்சுட்டு இருக்கறப்ப, முடிய இன்னும் கொஞ்ச நேரந்தான், கரண்ட் போயிருச்சு! மைதானத்து லைட்டெல்லாம் அணைஞ்சு அரை மணி நேரத்துக்கு மேல டிசம்பர் குளிர்ல எல்லாரும் இருட்டுல நின்னிருக்காங்க. தாத்தாவும் அன்னிக்கு அங்க இருந்தாராம், ஒருத்தரும் வீட்டுக்குப் போகலன்னு சொல்லும்போது மனுஷனுக்குக் கொரலே மாறுது. மறுபடி லைட் வந்து அதே 2-1ல முடிஞ்சுது. மூணு நாள் கழிச்சு கஷிவா மைதானத்துல 6-2. ஆறு கோலும் பாரேன்னு ஒரே ஆளு அடிச்சது, பிரேசில்காரன். ஒரு மேட்ச்ல ஆறு! அப்படித்தான் ஜே1 ஏறுனாங்க.

ரெண்டு வருஷத்துல எறங்கிட்டாங்க. அப்புறம் ஏற, எறங்க, 2012ல ஜோஃபுகு ஹிரோஷி கோச்சா இருந்தப்ப ஜே2 சாம்பியன், 2013ல இருந்து 2017 வரைக்கும் ஜே1ல தாக்குப் புடிச்சாங்க, 2018ல இருந்து கீழதான். இதெல்லாம் நீட்டி எழுதல, உனக்கும் தெரியும்.

எனக்கு உள்ளுக்குள்ள அரிக்கிற விஷயம் வேற. இங்க வளர்றவன் எவனும் இங்க நிக்கறதில்லடா. பாரே ஜே1ல ஒரு வருஷம் ஆடுனதும் காம்பா ஒசாகா தூக்கிருச்சு. இதோ ஐரோப்பால ஆடுறானே இட்டோ ஜுன்யா, வேர்ல்ட் கப்லாம் ஆடுனவன், யூனிவர்சிட்டி முடிச்சு மொத வேலையே 2015ல இங்கதான், ஒரே வருஷம், மறு வருஷம் கஷிவா. ஏன், உங்க கேப்டன் சசாகி ஷோ? நீ சாமி மாதிரி கும்புடறியே, 2012ல மொத மொதல்ல சட்ட போட்டது இந்த ஊர் நீலச் சட்டைதான். நாத்து விட்டது நாங்க, அறுவடை உங்களோடது. காசு இல்லாத கிளப், வேற என்ன பண்ணும்? எங்க பையன் அவனுக்குப் புடிச்ச ஆளோட நம்பர முதுகுல போட்டுக் கேட்டான், வாங்கிக் குடுத்தோம், சீசன் முடியறதுக்குள்ள அந்த ஆளு வேற கிளப்புக்குக் கெளம்பிட்டான். பையன் அழுதுட்டே கேட்டான், அவருக்கு நம்மள புடிக்கலையாப்பான்னு. என்னத்தச் சொல்றது. அவர் பெரிய எடத்துக்குப் போறாருடா, நம்மகிட்ட கத்துக்கிட்டுப் போறாருன்னேன். அவன் சமாதானம் ஆகல, எனக்கும் ஆகலதான்.

அதனாலதான் எங்க டிஃபென்டர் யமமோட்டோ ஹிதேஒமியப் பத்தி நீ ஒரு வார்த்தை தப்பாப் பேசுனாலும் எனக்குக் கோவம் வருது. 2003ல வந்தவன், கூட ஆடுனவங்க எல்லாரும் போயிட்டாங்க, ஏறுனப்பவும் இருந்தான், எறங்குனப்பவும் இருந்தான்.

இப்ப உன் ஃபைனலுக்கு வா. 2022 அக்டோபர் 16, யோகோஹாமா நிஸ்ஸான் ஸ்டேடியம். அதுக்கு முன்னாடி நாங்க யார் யார அடிச்சிட்டு வந்தோம்? சப்போரோ, தோசு, ஃபுகுவோகா, கஷிமா. நாலும் ஜே1. கஷிமாவ அவங்க மைதானத்துலயே 1-0. அதிர்ஷ்டம் ஒரு தடவ வரும், அஞ்சு தடவயா வரும்? லீக்ல அப்ப தோத்துக்கிட்டேதான் இருந்தோம், கடைசில 18வது எடம், அது உண்மைதான். ஆனா அன்னிக்கு எங்க மிஹிரா 26வது நிமிஷம் கோல் அடிச்சப்ப யாருடா தூங்குனது? கார்னர அழகா சின்ன பாஸ்ல ஆரம்பிச்சு செஞ்ச கோல் அது. உங்க கவமுரா 84வது நிமிஷம் சமன் பண்ணான், பிரமாதமான ஷாட், ஒத்துக்கறேன்.

எக்ஸ்ட்ரா டைம் முடிய சில நிமிஷம் இருக்கறப்ப யமமோட்டோ கையில பந்து பட்டுருச்சு. பெனால்ட்டி. 42 வயசு, இருவது வருஷமா ஒரே கிளப், அந்த ஆளு கையிலயே வந்து படணுமா? உங்க மிட்சுடா அடிச்சான், எங்க கோல்கீப்பர் கவாடா கோஹெய் பாஞ்சு தடுத்தான். அப்புறம் ஷூட் அவுட். உங்க நாலாவது ஆள கவாடா மறுபடி தடுத்தான், நம்ம பக்கம் நாலு பேரும் போட்டாச்சு, அஞ்சாவதா நடந்து வர்றது யாரு? யமமோட்டோ. கோச் யோஷிடா தட்சுமா இந்த ஆள நம்புனதும், இவன் சரின்னு வந்ததும்... நீ அப்ப சேனல மாத்திருப்ப. நான் பாத்தேன். அலட்டிக்காம ஓடி வந்து மேல் மூலைல அடிச்சுட்டான்டா. 5-4. கிளப் ஆரம்பிச்சு 57 வருஷத்துல மொதல் பெரிய கப்.

இதுக்கு மேலயும் ஒண்ணு இருக்கு. கப் ஜெயிச்சதால 2023ல ஏசியன் சாம்பியன்ஸ் லீக். இங்க இருக்குற ஸ்டேடியம் ஏஎஃப்சி, அதான் ஆசிய ஃபுட்பால் சங்கம், அவங்க விதிக்கு ஒத்து வராததால ஹோம் மேட்செல்லாம் தோக்யோ நேஷனல் ஸ்டேடியத்துல, அதுவும் வார நாள் ராத்திரி. கோஃபுல இருந்து எக்ஸ்பிரஸ்ல ஒன்றரை மணி நேரம், மறுநாள் வேலை, ஆள் வருமான்னு எல்லாருக்கும் கவலை. கிளப் என்ன பண்ணுச்சு, மத்த டீம் ரசிகர்களக் கூப்புட்டுச்சு, உங்க டீம் சட்டையிலயே வாங்க, சேந்து கத்துங்கன்னு. வந்தாங்கடா! தாய்லாந்து டீம் புரிராமோட மேட்சுக்கு 11,000 பேருக்கு மேல, உராவா சட்ட, கவாசாகி சட்ட, எல்லாக் கலரும். எனக்குப் பக்கத்துல ஹிரோஷிமா ஊதாச் சட்டையில ஒரு பொண்ணு. ஃபைனல்ல எங்ககிட்ட தோத்த டீமோட சட்ட! முழு மேட்சும் கோஃபு, கோஃபுன்னு கத்திட்டு, முடிஞ்சதும் தல குனிஞ்சு "ஒட்சுகாரேசாமா", நல்லா உழைச்சீங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. அன்னிக்கு 1-0 ஜெயிச்சோம். மெல்பர்ன் சிட்டி, ஜெஜியாங், புரிராம் எல்லாரையும் பின்னால தள்ளி க்ரூப்ல மொத எடம், ஜே2 டீமா இருந்துக்கிட்டே! அடுத்த சுத்துல கொரியா டீம் உல்சான்கிட்ட தோத்துட்டோம், அவங்க நல்ல டீம்.

அந்தப் பொண்ணுக்கு இருந்த பெருந்தன்மை உனக்கு இருக்கான்னு கேக்கறேன், அவ்ளோதான். எம்பரர்ஸ் கப் ஃபைனல்ல சான்ஃப்ரெச்சே வந்து வந்து தோத்தது எங்களோட மட்டுமா, அந்த ராசிக்கு நாங்க என்ன பண்ணுவோம்.

கோச்சிக்காத. உன்ன இங்க ஒரு தடவ மேட்சுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. ஓட்டப் பந்தய ட்ராக் சுத்தி இருக்குற பழைய மைதானம், கிட்டக்க உக்காந்து பாக்குற வசதியெல்லாம் கெடையாது, ஆனா மல தெரியும், போர்டுல இருக்குற கடை பேரெல்லாம் படிச்சா நீ வந்தப்ப நூடுல்ஸ் சாப்ட்ட கடையும் இருக்கும். தாத்தா உன்ன விசாரிச்சாரு, அந்த உயரமான பையன் எப்ப வருவான்னு. அவருக்கு இப்ப படியேற முடியல, நம்ம ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சுக் கூட்டிட்டுப் போகலாம்.

கோல்டன் வீக்ல லீவு எத்தன நாள்னு பாத்துச் சொல்லு, பாயையும் கூப்புடு, அவன் ஒசாகால சும்மாதான் கெடப்பான். வரும்போது ஊதாச் சட்டையே போட்டுட்டு வா, பரவால்ல, ஆனா நீலத்துல உனக்கு ஒண்ணு வாங்கி வைக்கறேன், சைஸ் L-ஆ, XL-ஆன்னு மட்டும் இந்த வாரத்துக்குள்ள அனுப்பு, டிஸ்கவுண்ட் ஞாயித்துக்கெழம முடியுது.

உன்
பாபு