மிதுன் சாருக்கு ஊட்டியிலிருந்து

மதிப்பிற்குரிய மிதுன் சக்கரவர்த்தி சார் அவர்களுக்கு,

வணக்கம். 2024இல் பத்மபூஷண், அதே ஆண்டு அக்டோபரில் தாதாசாகேப் பால்கே விருது. பத்திரிகைகள் வழக்கம்போல, 1976இல் ‘மிருகயா’ என்ற முதல் படத்துக்கே தேசிய விருது வாங்கியதையும், ‘டிஸ்கோ டான்ஸர்’ ரஷ்யா வரை ஓடியதையும் எழுதின. ஊட்டிக்கு ஒரு வரிதான், ‘ஓட்டல் நடத்துகிறார்’ என்று. எங்களுக்கு அது போதாது.

மற்ற நட்சத்திரங்கள் இங்கே ஒரு பாட்டுக்கு வருவார்கள். ஷூட்டிங் மட்டத்தில் நாலு நாள் ஆடிவிட்டு மலை இறங்கிவிடுவார்கள். நீங்கள் தொண்ணூறுகளில் குடியே வந்துவிட்டீர்கள். உங்கள் படங்கள் முழுக்க இங்கேயே எடுக்கப்பட்டன. யூனிட் மொத்தமும் உங்கள் மோனார்க் ஓட்டலில் தங்கும், அலைச்சல் கிடையாது, சின்ன பட்ஜெட்டில் மளமளவென்று படம் முடியும். வடக்கே சிற்றூர்த் தியேட்டர்களில் போட்ட பணம் திரும்பிவிடும். படங்கள் பெரும்பாலும் சுமார்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஜீப் ஓட்டியவருக்கும், லைட் தூக்கியவருக்கும், கூட்டத்தில் நின்றவருக்கும் சீசன் முடிந்த பிறகும் கூலி கிடைத்தது. ஊட்டி இந்து நகரில் ஃபிலிம் தயாரித்த அரசு ஆலை எச்.பி.எஃப். (ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்) நொடித்துக்கொண்டிருந்த காலம் அது. மும்பையில் சினிமாத் தொழிலாளர்களுக்கு நீங்கள் செய்ததைத் தர்மம் என்கிறார்கள். ஊட்டியில் செய்ததில் லாபமும் இருந்ததால் இதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. நான் சொல்வேன்.

அந்த உரிமையில்தான் அடுத்ததைக் கேட்கிறேன்.

கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கினால் மசினகுடி, பக்கத்தில் பொக்காபுரம். சீகூர் பீடபூமி வழியாகத்தான் யானைகள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே போய்வருகின்றன. அங்கேதான் உங்கள் ரிசார்ட்டும் எழுந்தது. அரசு 2010இல் யானை வழித்தடத்தை அறிவித்தது, மறு ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. மேல்முறையீட்டுக்குப் போன ரிசார்ட்காரர்களில் நீங்களும் ஒருவர். 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் வழித்தடம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. வழக்காட உங்களுக்கு உரிமை உண்டு, அதைக் குறை சொல்லவில்லை. ரிசார்ட்டுகளை நம்பிப் பிழைத்த மசினகுடிப் பிள்ளைகள் பலர் என்பதும் தெரியும்.

ஆனாலும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மேற்கு வங்கச் சீட்டு மோசடியில் சிக்கிய சாரதா நிறுவனத்தின் விளம்பரத் தூதராக வாங்கிய சுமார் 1.19 கோடி ரூபாயை, 2015இல் நீங்கள் அமலாக்கத் துறையிடம் திருப்பிக் கொடுத்தீர்கள். கையில் வந்த பணத்தைத் திருப்பித் தருகிற சினிமாக்காரர் எத்தனை பேர்?

பொக்காபுரத்திலும் அதையே செய்யலாமே சார். அளவை, நஷ்டஈடு என்று மல்லுக்கட்டாமல், “இது யானைக்கு” என்று நீங்களே முன்வந்து எழுதிக் கொடுங்கள். அங்கே வேலை பார்த்தவர்களை மேலே ஊட்டி ஓட்டலுக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரு பெரிய கை முதலில் விட்டுக்கொடுத்தால், மற்ற ரிசார்ட்காரர்களிடம் நாங்கள் போய்ப் பேச வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஊட்டிக்காரன் ஒருவன்