தூண்டிலுக்கும் நேரம் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணி ஓய்வு பெற்றவர்கள் பலர், சிறு வயதில் விட்ட தூண்டிலை மறுபடியும் கையில் எடுத்து வருகிறார்கள். கடலூர் முதுநகர் உப்பனாற்றங்கரை, தேவனாம்பட்டினம் முகத்துவாரம், புதுச்சேரிப் பக்கம் அரியாங்குப்பம், நோணாங்குப்பம் சுண்ணாம்பாற்றங்கரை என எங்கு போனாலும் காலையில் இப்படி இரண்டு மூன்று பேரைப் பார்க்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஃபைபர் கம்பும் ரீலும் வாங்கி, நடைப்பயிற்சிக்குப் போகிற மாதிரி தினமும் ஆறு மணிக்கு வந்து நின்று, ஒன்றும் கடிக்காமல் சலித்துப்போய் மூன்றாவது வாரமே கம்பைப் பரணில் போட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். குறை கம்பில் இல்லை, நேரத்தில்தான். ராகுகாலமும் எமகண்டமும் அச்சிடும் உங்கள் நாளிதழ், அதன் பக்கத்திலேயே கடல் ஏறும் நேரம், வற்றும் நேரம் என்று இரண்டு வரி சேர்த்தால் பெரிய உதவியாக இருக்கும்.

நம் கரையில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. உயர வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் என்பதால் கரையில் நிற்பவர் கண்ணுக்கு அது படுவதில்லை. மீனுக்குத் தெரியும். தண்ணீர் ஏறும்போது கூனி இறாலும் குஞ்சு நண்டும் உப்பங்கழிக்குள் வரும். அதுவரை காய்ந்து கிடந்த ஓரச் சேறு நனையும். கிழங்கானும் கெளுத்தியும் அந்த இரையைத் தேடிக் கரையோரம் வரும். தண்ணீர் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆன பிறகுதான் கடி சூடுபிடிக்கும். முழுதும் ஏறித் தண்ணீர் அசையாமல் நின்றால் நின்றுபோகும். வற்றத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரம் முகத்துவாரத்தில் மறுபடி நன்றாக இருக்கும்.

கைபேசி பார்க்கப் பழகாதவர்கள் தினசரிக் காலண்டரில் திதியைப் பார்த்தே கணக்குப் போடலாம். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நம் பக்கம் முழு ஏற்றம் காலை எட்டரை, ஒன்பது வாக்கில் வரும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆக, அமாவாசையை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில் விடியற்காலையில் தூண்டில் போட்டால் ஏறுகிற தண்ணீர் கிடைக்கும். அஷ்டமியில் முழு ஏற்றம் பிற்பகலுக்குப் போய்விடும். காலையில் போனாலும் வற்றம், மாலையில் போனாலும் வற்றம், ஓட்டமும் மந்தம். அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பதற்கு என்ன காரணமோ, தூண்டிலுக்குக் காரணம் இதுதான். ஆற்றுக்குள் தள்ளிப் போகப் போக ஏற்றம் தாமதமாகும். கரையில் ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் தொடும் இடத்தில் கீறி வைத்தால் கால் மணியில் ஏறுகிறதா வற்றுகிறதா என்று தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் வந்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

நேரம் சரியாக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் சுற்றிய கைத்தூண்டிலே போதும். 0.35 மில்லிமீட்டர் தங்கூஸ் (நைலான் நரம்பு) 50 மீட்டர், நுனியில் 20 முதல் 30 கிராம் ஈயக்குண்டு. குண்டுக்கு மேலே ஒன்றரைச் சாண் விட்டு ஒரு கிளை, அங்கிருந்து இன்னும் ஒன்றரைச் சாண் விட்டு இன்னொரு கிளை. கிளை ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு தூண்டில் முள். கிளை அரைச் சாணுக்கு மேல் வேண்டாம். நீளமாக விட்டால் இரண்டு முள்ளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மேலே வரும். புதிதாக வருகிறவர்களின் தொல்லையில் பாதி இந்த ஒன்றுதான். முள் கிழங்கானுக்கு 10ஆம் எண், கெளுத்திக்கு 6ஆம் எண். எண் கூடக் கூட முள் சிறியது.

முள்ளின் தலையில் காது, அதாவது துளை, இருந்தால் நரம்பை உள்ளே விட்டு, அடி நரம்பின் மேல் ஐந்தாறு சுற்றுச் சுற்றி, காதை ஒட்டிய கண்ணிக்குள் நுனியைக் கொண்டுவந்து இழுக்க வேண்டும். இழுப்பதற்கு முன் எச்சில் தொட்டு நனைத்துவிடுங்கள். உலர்ந்த நரம்பை இழுத்தால் உராய்ந்த சூட்டில் அந்த இடத்தில் பலம் குறைந்து, நல்ல மீன் மாட்டும்போது சரியாக அங்கேயே அறுந்துபோகும். கண் மங்கலானவர்கள் ஆற்றங்கரையில் கண்ணாடியோடு மல்லுக்கட்டாமல், பகல் வெளிச்சத்தில் வீட்டிலேயே பத்துப் பன்னிரண்டு முள்ளைக் கிளையோடு கட்டித் தெர்மகோல் துண்டில் குத்தி எடுத்துவரலாம். அப்படியே முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கொக்கியைக் குறடால் நசுக்கி மழுக்கிவிட்டால், தவறி விரலில் ஏறினாலும் வந்த வழியே கழன்றுவிடும். மீன் தப்பாதா என்று கேட்பார்கள். நரம்பைத் தொய்யவிடாமல் இழுத்தால் தப்பாது.

இரைக்குத் தோல் உரித்த இறால், சுண்டுவிரல் நகம் அளவுக்கு. முள்ளின் வளைவு மறைய வேண்டும், நுனி மட்டும் துளி வெளியே தெரிய வேண்டும். பெரிய துண்டாக வைத்தால் கீச்சானும் நண்டும் ஓரத்தைக் கொறித்துக்கொண்டு போய்விடும். வீசிய பிறகு நரம்பை ஆள்காட்டி விரலின் மேல் போட்டு வைத்திருங்கள், விரலில் சுற்றிக் கட்ட வேண்டாம். கிழங்கான் கடித்தால் டக் டக் என்று இரண்டு வெட்டு வெட்டும், உடனே இழுக்க வேண்டும். கெளுத்தி நிதானமாக இழுத்துக்கொண்டு போகும், அதற்கு ஒரு மூச்சு விட்டு இழுக்கலாம். நரம்பு கத்தியால் வெட்டினாற்போல் அறுந்து வந்தால் அது பேத்தை மீனின் வேலையாக இருக்கலாம். பேத்தை மாட்டினால் திருப்பி விட்டுவிடுங்கள். அதன் விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. மடவை துள்ளுவதைப் பார்த்து இறாலைப் போட்டால் காத்திருக்க வேண்டியதுதான். அதற்குத் தக்கை, 12ஆம் எண் முள், கோதுமை மாவு உருண்டை வேண்டும். மாவோடு கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்தால் தண்ணீரில் கரையாமல் நிற்கும்.

கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். ஓரா மீனுக்கு அதைவிட அதிகம். ஈரத் துணியால் அழுத்திப் பிடித்து, குறடால்தான் தூண்டிலைக் கழற்ற வேண்டும். குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான வெந்நீரில் அந்த இடத்தை அரை மணிக்குக் குறையாமல் வைத்திருந்தால் கடுப்பு இறங்கும். சூட்டை முதலில் குத்துப்படாத கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். வீக்கம் ஏறினால் மருத்துவரிடம் போய்விட வேண்டும். சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்கள் காலில் புண்ணோடு கழிமுகத் தண்ணீரில் இறங்கவே கூடாது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாழும் சில கிருமிகள் அவர்கள் உடம்பில் மிக வேகமாகப் பரவும். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களில் பாசி படிந்த வரிசைக்குக் கீழே கால் வைக்காதீர்கள். தொழிற்பேட்டைக் கழிவோ ஊர்ச் சாக்கடையோ கலக்கும் இடத்தில் பிடித்தது சமையலுக்கு வேண்டாம்.

ஏரிகளில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும், கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம், அங்கே தூண்டிலே வேண்டாம். ஏரி ஓரத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளிப்பதைப் பார்த்தால் அடியில் தாய் விரால் காவல் நிற்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் எதை முன்னால் போட்டாலும் கவ்வும். அதைப் பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீனுக்கு இரையாகிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான், கரையில் நின்று போடும் கைத்தூண்டிலுக்கு இல்லை. அறுந்த தங்கூஸைக் கரையில் வீசாமல் பையில் சுருட்டி எடுத்துவந்துவிட வேண்டும். கொக்கின் காலில் சுற்றினால் அது அறுத்துக்கொண்டு போகாது.

நாங்கள் கேட்கும் இரண்டு வரிக்கான விவரம் கிடைப்பதில் சிரமமில்லை. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் கடல் ஏற்ற வற்ற அட்டவணை வெளியிடுகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசியப் பெருங்கடல் தகவல் மையமும் இணையத்தில் தருகிறது. சென்னைக்கு உரிய நேரம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஏறக்குறையப் பொருந்தும். முழு ஏற்றம் இரண்டு, முழு வற்றம் இரண்டு, எத்தனை சென்டிமீட்டர் என்ற அளவு, இவ்வளவு போதும். மறுநாளுக்கு உரியதை முந்தின நாளே போட்டால், இரவே இறால் வாங்கி வைக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்கள்,
கடலூர் முதுநகர்.